ஓர் அடுப்புக்கு ஓர் ஆள்

வல்லம் வடகால்,
7 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய லீலா அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சபாபதி. வயது ஐம்பது. வல்லம் வடகாலில் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றின் தரப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆலைப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் வரும் தாவீது, உங்கள் மலையின் அடிவாரத்து ஊர்க்காரர். அத்திப்பாறையில் உங்கள் தம்பி ஸ்ரீதரின் வீடு விற்பனைக்கு இருப்பதாகவும், அவர் ஓசூரில் குடியேறிவிட்டதால் விற்கும் பொறுப்பு உங்களுடையது என்றும் அவர் சொன்னார். அங்கே தொலைபேசி எடுக்காது, கடிதமே வழி என்றும் அறிந்தேன். கிளை அஞ்சலகத்தை நீங்களே நடத்துவதால் இக்கடிதம் தவறாமல் உங்கள் கைக்கு வரும் என்று நம்புகிறேன்.

வாங்க விரும்பும் காரணத்தைச் சொல்வது முறை. திருமணமானது முதல் இருபத்து மூன்று ஆண்டுகளில் நானும் மனைவி உமாதேவியும் பதினோரு வாடகை வீடுகளில் இருந்திருக்கிறோம். இப்போது மண்ணூரில் இருக்கும் வீட்டை இடித்துவிட்டு, தொழிலாளர்களுக்கு வரிசை அறைகள் கட்டப்போவதாக உரிமையாளர் வெங்கடேசன் சொல்லிவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். பங்குனிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க. அஞ்சாறு மாசம் டைம் கீதே" என்றார். அவர்மேல் குறையில்லை, ஒப்பந்தப்படி ஒரு மாத அவகாசமே போதும். ஆனால் காலி செய்யும்படி இன்னொருவர் சொல்லக்கூடிய வீட்டில் இனிக் குடியேறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இப்பகுதியில் அரை கிரவுண்டு மனை வாங்கவும் என் சேமிப்பு போதாது. நீங்கள் கேட்கும் ஆறு லட்சம் என்னிடம் இருக்கிறது.

புதியவரிடம் பொருள் வாங்குமுன் அவருக்கு மதிப்பீட்டுப் படிவம் அனுப்புவது எங்கள் ஆலை வழக்கம். அம்முறையில் நாற்பத்திரண்டு கேள்விகளை இணைத்துள்ளேன். தெரியாதவற்றுக்குத் 'தெரியாது' என்றே எழுதுங்கள். வெற்றிடம் விட வேண்டாம். பதிலை ஆலை முகவரிக்கு அனுப்பக் கோருகிறேன். வீட்டு முகவரிக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
சபாபதி


அத்திப்பாறை,
16 அக்டோபர் 2024

சபாபதி சார் அவர்களுக்கு,

உறையின் கனத்தைப் பார்த்து, தம்பிமேல் யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று பயந்தேன். பிரித்த பிறகுதான் மூச்சு வந்தது.

எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி இணைத்திருக்கிறேன். பதினேழாவது கேள்வியில், தீயணைப்பு வண்டி வர எத்தனை நிமிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி வருவதற்குள் நாங்களே அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இருபத்தொன்பதில், இரவில் சத்தம் எவ்வளவு என்கிறீர்கள். நாய்கள் நான்கு, அத்துடன் எதிர்வீட்டுக் கனகம் அக்கா தூங்கும்வரை கனகம் அக்கா. முப்பத்தாறில், வழங்குபவருக்கு மாற்றாக யார் என்று இருக்கிறது. எனக்கு ஒரே தம்பிதான் சார், மாற்றுத் தம்பி இல்லை.

வீடு இரண்டு அறை. கல் சுவர், நாட்டு ஓடு. பின்னால் சமையல்கட்டு. நாலு சென்ட் இடம். பட்டா தம்பி பேரில், வில்லங்கம் இல்லை. தண்ணீர் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து கால்வாயில் வருகிறது. பஸ் மலைச்சாலை வளைவு வரைக்கும்தான் வரும். அங்கிருந்து முக்கால் மணி நேரம் மண்பாதையில் நடக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் முப்பத்தொரு வீடு. அதில் ஒன்பதைக் கீழ்நாட்டுக்காரர்கள் வாங்கிப் பூட்டு போட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாதையை வெட்டுவதும், ஊற்றைத் தூர்வாருவதும் மிச்சமிருக்கிற வீட்டுக்காரர்கள் தலையில் விழுகிறது. அதனால் போன வருடம் ஊர் ஒரு முடிவெடுத்தது. இனிமேல் பூட்டுகிறவருக்கு வீடு கிடையாது. குடியிருக்கிறவருக்கு, ஊர் வேலைக்கு வந்து நிற்கிறவருக்கு மட்டும்தான். நானும் இந்த ஊர்க்காரிதான்; இதை மீறி விற்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்.

லீலா


வல்லம் வடகால்,
29 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய லீலா அம்மையார் அவர்களுக்கு,

ஞாயிறன்று தாங்கள் அளித்த கேழ்வரகுக் களிக்கும் கீரைக்கும் நன்றி. வீடு குறித்த என் முடிவைக் கீழே தெரிவிக்கிறேன்.

கூரையில் பதினாறு ஓடுகளை மாற்ற வேண்டும். பின்சுவரின் வடக்கு மூலை சற்றுச் சாய்ந்திருக்கிறது, ஆபத்தில்லை. கிணறில்லாதது குறை, ஊற்று நீரின் சுவை அக்குறையை ஈடு செய்கிறது. மொத்தத்தில் வீடு எனக்கு ஏற்புடையது.

படிவத்தில் இடமில்லாத ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது நாங்கள் இருந்த பதினோரு வீடுகளின் உரிமையாளர்களும் தவறாமல் சொன்ன நிபந்தனை. எங்கள் திருமணப் படம் இருபத்து மூன்று ஆண்டுகளாக அலமாரியின் மேல் சாய்ந்தே நிற்கிறது. உங்கள் தம்பி வீட்டு முன்னறைச் சுவரில் ஏழு ஆணிகள் இருந்தன. நான் நெடுநேரம் எதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தாங்கள் கேட்டீர்கள். அவற்றைத்தான்.

இனி, ஊர் விதி. வாயால் சொல்லப்படும் விதியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வர். எனவே அதைத் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டுகிறேன். எழுதப்பட்ட விதி எதையும் நான் மீறியதில்லை. ஒரு விவரத்தை இப்போதே சொல்லிவிடுவது நேர்மை: எனக்கு ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. அதுவரை இங்கே வேறொரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு, மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை அங்கே வந்து தங்குவது என் திட்டம்.

இப்படிக்கு,
சபாபதி


அத்திப்பாறை,
8 நவம்பர் 2024

சபாபதி சார் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காக ஊர்க்கூட்டம் போட்டு எழுதினோம். "எழுதிக் குடுக்கணுமாமா? அந்தக் காயிதம் வந்து மம்முட்டி புடிக்குமா?" என்று கனகம் அக்கா ஆரம்பித்தார். மம்முட்டி என்றால் இங்கே மண்வெட்டி. அவரை அடக்கி உட்காரவைத்துவிட்டு எழுதியது இதுதான்:

'ஓர் அடுப்புக்கு ஓர் ஆள். மழை நின்றதும் பாதை வேலை இரண்டு நாள். பொங்கல் கழிந்ததும் ஊற்று வேலை இரண்டு நாள். ஆளுக்குப் பதில் பணம் வாங்கப்படாது. வீடு வாங்க வருகிறவர் முதலில் ஒரு வேலைக்கு வர வேண்டும். அதன் பிறகுதான் பத்திரம்.'

இருபத்தொரு வீட்டார் கையெழுத்தும் கீழே இருக்கிறது. கைநாட்டு ஐந்து.

பாதை வேலை டிசம்பர் 14, 15. சனி, ஞாயிறு. வந்துவிடுங்கள்.

மாதத்தில் இரண்டு நாள் வருகிறவரைக் குடியிருப்பவர் என்று ஊர் ஒத்துக்கொள்ளாது சார். நீங்கள் வேலையை விட முடியாது, அது புரிகிறது. ஆனால் உங்கள் வீட்டம்மா இங்கே இருக்கலாமே? அவருக்கு இந்த வீட்டைப் பற்றித் தெரியுமா? பார்க்க வந்தபோதும் தனியாகத்தான் வந்தீர்கள். கடிதங்களில் ஆணியைப் பற்றி இருக்கிறது, ஓட்டைப் பற்றி இருக்கிறது. அவர் இதற்கு என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை.

லீலா


வல்லம் வடகால்,
13 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய லீலா அம்மையார் அவர்களுக்கு,

இக்கடிதத்தை நேரில் கொண்டுவருபவர் பலராமன். வயது நாற்பத்தைந்து. எங்கள் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளராகச் சரக்கேற்றும் பணி செய்பவர். உடல் வலிமை மிக்கவர்.

நாளையும் நாளை மறுநாளும் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் ஆலையைத் தணிக்கை செய்கிறார். ஆவணங்கள் அனைத்தும் என் பொறுப்பு, விடுப்புக்கு வழியில்லை. ஊர் விதியைப் பலமுறை படித்தேன். 'ஓர் அடுப்புக்கு ஓர் ஆள்' என்று உள்ளதே தவிர, இன்னார் என்று குறிப்பிடப்படவில்லை. ஆளுக்குப் பதில் பணம் கூடாது என்பதையும் கவனத்தில் கொண்டேன். நான் பணம் அனுப்பவில்லை, ஆளையே அனுப்புகிறேன். அவர் என் சார்பில் பணியாற்றுவார் என்பதற்கான அத்தாட்சிக் கடிதம், அவருடைய அடையாள அட்டையின் நகல், என் முகவரிச் சான்று ஆகியவை இத்துடன் உள்ளன. வேலை முடிந்ததும் வருகைச் சீட்டில் தாங்கள் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன்.

உமாதேவி குறித்த கேள்விக்குப் பின்னர் விரிவாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சபாபதி


அத்திப்பாறை,
18 டிசம்பர் 2024

சபாபதி சார் அவர்களுக்கு,

பலராமனை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கமான ஆள். மழையில் இரண்டு இடத்தில் பாதையே இல்லை, ஓடைதான் இருந்தது. நாலு ஆள் புரட்ட வேண்டிய கல்லை அவரும் இன்னொருவரும் புரட்டினார்கள்.

முதல் நாள் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது கனகம் அக்கா கேட்டார்: "இன்னாப்பா, வூடு வாங்கறவரு நீதானா?"

"இல்லக்கா. அவரு ஆபீஸ்ல கீறாரு. ஆடிட்டு. நான் கான்ட்ராக்ட்டு."

"வூட்டுக்குமா கான்ட்ராக்ட்டு? நாளைக்கி இங்க ஒரு சாவு வுழுந்தா, அழுவறதுக்கும் ஆள் அனுப்புவாரா?"

பலராமன் சிரிக்கவில்லை. "எனுக்குத் தெரியாதுக்கா. ரெண்டு நாள் கூலி பேசி அனுப்சாரு, வந்துகிறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதரை அப்படிக் குனியவைத்தது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் கூட்டம். வந்த ஆளுக்குத்தான் அடுப்பு, பலராமனுக்கே வீட்டைக் கொடுப்போம் என்றார்கள். அவர் கும்பிட்டார். "எனுக்கு உத்திரமேரூர்ல வூடு கீது, பொண்டாட்டி புள்ளிங்க கீறாங்க. ஆள வுடுங்க" என்று கடைசி பஸ்ஸுக்கு ஓடினார். அதன் பிறகு எல்லாரும் சேர்ந்து முடிவு சொன்னார்கள். உங்களுக்கு இந்த வீடு இல்லை.

விதியில் இன்னார் என்று எழுதவில்லை என்பீர்கள். உண்மைதான். நாங்கள் எழுதாததற்குக் காரணம், தன் வீட்டு வேலைக்கு வேறொருவனை அனுப்பலாம் என்று இந்த மலையில் யாருக்கும் தோன்றியதில்லை. வருகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவர் கூலிக்காக. உங்களுக்காக இல்லை.

இந்தக் கடிதத்தை ஆலைக்கு அனுப்பவில்லை. முகவரிச் சான்றில் மண்ணூர் விலாசம் இருந்தது, அதற்கே அனுப்புகிறேன். பத்தொன்பது வருடமாகத் தபால் கொடுக்கிறேன். வீடு வாங்குகிற சங்கதி வீட்டுக்கு வராமல் ஆபீசுக்கே போய்க்கொண்டிருந்தது எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

லீலா


மண்ணூர்,
6 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய லீலா அம்மையார் அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாயிற்று. தங்கள் கடிதத்தை உமாதேவிதான் பிரித்தாள்.

அன்று மாலை ஆலைப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, மேசைமேல் தங்கள் கடிதம் இருந்தது. அதன் பக்கத்தில் என் பெட்டியிலிருந்து எடுத்த மதிப்பீட்டுப் படிவத்தின் நகல். உமாதேவி அதிர்ந்து பேசுபவள் அல்லள். அன்றும் அதிர்ந்து பேசவில்லை.

"நாப்பத்திரண்டு கேள்வி எழுதிகிறீங்க. இதுல ஒண்ணாவது என்கிட்ட கேட்டீங்களா?"

எல்லாம் உறுதியான பின் தெரிவிக்க எண்ணியிருந்ததாகச் சொன்னேன்.

"நான் இன்னா, உங்க கம்பெனிக்கு வர்ற வெள்ளக்காரனா? எல்லாத்தையும் தொடச்சி அடுக்கி வச்சிட்டு அப்புறமா காட்றதுக்கு? பதினோரு வூட்லயும் பால் காய்ச்சினது நானு. பதினோரு வாட்டி சாமான் கட்னது நானு. இந்த வூட்டுக்கு மட்டும் பலராமனா?"

தங்களிடம் மட்டும் சொல்கிறேன். இது சமாதானமன்று, விளக்கம். 2011-இல் ஒரு மனையை அவளுக்குக் காட்டினேன். கோலம் போட வாசலை எங்கே வைப்பது என்றுகூட அவள் குச்சியால் கோடு கிழித்துவிட்டாள். முன்பணம் கொடுத்த பிறகு, அதே மனை வேறு இருவருக்கும் விற்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அன்று அவள் கூட்டுக்கு உப்புப் போட மறந்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு, முழுதும் உறுதியாகாத எதையும் அவளிடம் காட்டுவதில்லை என்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன். அவளைக் காப்பதற்கான விதி என்று பதின்மூன்று ஆண்டுகளாக நம்பியும் வந்தேன்.

ஊரின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன். தங்கள் விதி சரியாகவே எழுதப்பட்டிருந்தது. நான் படித்த விதம் தவறு. பலராமனிடமும் வருத்தம் தெரிவித்துவிட்டேன். "அதெல்லாம் வுடு சார். அந்த ஊரு கஞ்சி நல்லாக்கீது" என்றார்.

ஊற்று வேலை எந்நாளில் என்று மட்டும் எழுதுங்கள். விடுப்பு கிடைத்தால் வருவேன், கிடைக்காவிட்டாலும் வருவேன். பணிக்காலத்தில் இப்படியொரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை. எழுதிய பிறகு மாற்றப்போவதுமில்லை.

உமாதேவி இன்று காலை வாலாஜாபாத்தில் இருக்கும் தன் தங்கை சசிகலா வீட்டுக்குப் போனாள். திரும்பும் நாளைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை.

இப்படிக்கு,
சபாபதி


அத்திப்பாறை,
20 ஜனவரி 2025

சபாபதி சார் அவர்களுக்கு,

ஊற்று வேலை நேற்று முடிந்துவிட்டது. நீங்கள் கேட்டும் தேதி எழுதாமல் விட்டது நான்தான். எழுத வேண்டாம் என்றது உமா.

ஆம், உங்கள் உமாதான். வாலாஜாபாத்தில் மூன்று நாள்தான் இருந்தாளாம். ஒன்பதாம் தேதி மத்தியானம் ஒரு பையோடு என் அஞ்சலக வாசலில் வந்து நின்றாள். "லீலாங்கறது நீங்கதானே? எங்க வூட்டுக்காரருக்கு லெட்டர் போட்டவங்க?" என்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்தேன். "அந்த வூட்டைக் காட்டுங்க. நான் இன்னும் பாக்கலை" என்றாள்.

பார்த்தாள். துடைப்பம் கேட்டாள். பொங்கலை இங்கேயே வைத்தாள், தம்பி வீட்டு அடுப்பில். ஒன்றரை வருடம் எரியாத அடுப்பு சார், முதல் நாள் ஊருக்கே புகை. ஓடு மாற்றுவதற்குப் பக்கத்து வீட்டாரைத் தானே போய்க் கூப்பிட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழங்கால் சேற்றில் நின்றாள். ஊற்று வாயில் வேரைப் பிடுங்குவது கஷ்டமான வேலை. கனகம் அக்கா, "நீ மேல போய் ஒக்காரும்மா, டவுன்காரி" என்றதற்கு உமா, "பதினோரு வூட்ல கொழாயடி சண்டை போட்டவக்கா நானு. தண்ணி வர்ற எடத்தப் பாத்ததே இல்ல. இப்பதான் பாக்கறேன், நவுருங்க" என்றாள். அக்கா நகர்ந்தார். அவர் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

உங்களையும் கூப்பிடலாமே என்று கேட்டேன். "வேணாங்க்கா. அவரு வந்தா தண்ணி வாட்டம் சரியில்லன்னு நாலு பேருக்குச் சொல்லிகினே நிப்பாரு. வேலை நடக்காது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம்தான்.

நேற்றுக் கூட்டத்தில் ஊர் சொன்னது: வீடு உமாதேவிக்கு. பத்திரம் அவள் பேரில் இருக்க வேண்டும். வேலைக்கு வந்தவள் அவள், இருக்கப்போகிறவள் அவள். அவள் கீழே இறங்க மாட்டேன் என்கிறாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு உதவி ஆள் இல்லை என்று விசாரித்தும் வைத்திருக்கிறாள்.

உங்களைப் பற்றிக் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். அவர் இங்கே வரட்டுமா என்று. "அவரு கேக்கட்டும். கேட்டா சொல்றேன்" என்றாள்.

லீலா


ஒரகடம்,
27 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய லீலா அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சசிகலா என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள், அது சரியே.

பத்திரம் உமாதேவியின் பெயரில் மட்டும் எழுதப்பட வேண்டும். என் பெயர் எவ்விடத்திலும் வர வேண்டியதில்லை. முழுத் தொகையையும் அவள் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். பத்திர எழுத்தருக்கு வேண்டிய நகல்களும் அவளுடைய நிழற்படங்களும் இத்துடன் உள்ளன. பிப்ரவரி 10, திங்கள், பதிவுக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். தங்கள் தம்பிக்கும் தெரிவித்துவிட்டேன். வாங்குபவராக அவள் வந்தால் போதும். நான் வர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

மண்ணூர் வீட்டை நேற்று ஒப்படைத்தேன். "இன்னா சார், இன்னும் ரெண்டு மாசம் கீதே. எங்க போறீங்க?" என்றார் வெங்கடேசன். என் மனைவி வீடு வாங்கிவிட்டாள் என்றேன். சொல்லும்போது நிமிர்ந்து நின்றதை நானே உணர்ந்தேன். பாத்திரங்கள், மெத்தை, தையல் இயந்திரம், திருமணப் படம் ஆகியவை தாவீதின் உறவினர் வண்டியில் புதனன்று வளைவு வரை வந்துசேரும். அங்கிருந்து சுமக்க ஆள் ஏற்பாடு செய்யவில்லை. செய்யக் கூடாது என்று இப்போது தெரியும். ஊரில் கேட்டுக்கொள்ளும்படி உமாதேவியிடம் சொல்லுங்கள். நான் ஒரகடத்தில் ஆலைப் பணியாளர் விடுதியில் ஒரு கட்டில் எடுத்திருக்கிறேன். ஓய்வு பெறும்வரை எனக்கு அது போதும்.

இவ்வுறைக்குள் இன்னோர் உறை இருக்கிறது. அது அவளுக்கு. திருமணமானது முதல் இந்த மாதம் வரை நாங்கள் ஒரு வாரத்துக்குமேல் பிரிந்திருந்ததில்லை. ஆகவே அவளுக்கு நான் கடிதம் எழுத நேர்ந்ததே இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான்கு தாள்களைக் கிழித்தேன். ஐந்தாவதில் ஒரு பக்கம் வந்தது. சனிக்கிழமைகளில் அங்கே வரலாமா என்று கேட்டிருக்கிறேன். அவள் பதில் கண்ட பிறகே பேருந்து ஏறுவேன்.

தபால் பையோடு சேர்த்து வைக்காமல், தாங்களே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்க வேண்டுகிறேன். கொடுத்ததும் வந்துவிடுங்கள். அவள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
சபாபதி